மலையகச் சரக்கையும் லொறியையும் ஒரே ஒழுங்கில் இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் மாலையானால் மரக்கறி மூட்டைகள் வீதியோரத்தில் லொறிக்குக் காத்திருக்கும். உரம் இறக்கிய லொறி ஒன்று அதே வீதியால் வெறுமையாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாததுதான் குறை என்று நினைத்துப் பலர் வட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். கொஞ்ச நாளில் அது காலை வணக்கப் படங்களால் நிரம்பிவிடும். லொறி தேடுவது இதில் கடினமான பகுதியே அல்ல. யார் எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார், எந்தத் தராசில் எவ்வளவு நின்றது, கூலியை யார் எப்போது கொடுப்பது என்பவை இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் எழுதப்படுவதில்லை. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

விவசாயச் சங்கங்கள், மரக்கறி சேகரிப்பவர்கள், சிறு தேயிலைத் தொழிற்சாலைகள், நான்கைந்து லொறி வைத்திருப்பவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. சரக்கு அனுப்புபவர் 15 பேரும் லொறி 5உம் இருந்தால் இந்த ஒழுங்கை நடத்தலாம். அதற்குக் குறைவென்றால் ஒரு கொப்பியும் தொலைபேசியும் போதும், மெனக்கெட வேண்டாம்.

1. சரக்கை அதன் நேரத்தை வைத்துப் பிரியுங்கள்

மலையகத்திலிருந்து இறங்குவதும் மலையகத்துக்கு ஏறுவதும் மூன்று வகை அவசரத்தில் ஓடுகின்றன. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் எப்போதும் தேயிலைதான் காத்திருக்கும், அல்லது லீக்ஸ்தான் வாடும்.

மரக்கறிக்கு மணிக்கணக்கு. கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், போஞ்சி எல்லாம் பறித்த பிறகும் மூச்சு விடுகின்றன. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் அந்த மூச்சு ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும். நுவரெலியாக் குளிரில் கட்டிய மூட்டை அவிசாவளையைத் தாண்டும்போது அதன் நடுப்பகுதி வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கலாம். எனவே மரக்கறி இரவில் இறங்க வேண்டும், வழியில் நிற்கக் கூடாது.

தேயிலைத் தூளுக்கு வாரக்கணக்கு. ஸ்டோரிலிருந்து, அதாவது தொழிற்சாலையிலிருந்து, கொழும்பிலுள்ள தரகர் களஞ்சியத்துக்குப் போகும் தேயிலை, அந்த வார ஏலப் பட்டியல் மூடுமுன் சேர வேண்டும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் 2020இலிருந்து இணையவழியில் நடக்கிறது. ஆனாலும் மூட்டை போய்ச் சேர்ந்துதான் ஆக வேண்டும். ஒரு நாள் பிந்தினால் தேயிலை கெடாது, பணம் ஒரு வாரம் பிந்தும். போயா (பௌர்ணமி விடுமுறை) வரும் வாரங்களில் கடைசி நாள் முன்னே நகரும். அதைத் தரகரிடம் கேட்டு மாதத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

மேலே ஏறும் உரம், கோதுமை மா, அரிசி, சீமெந்து ஆகியவற்றுக்கு நாட்கணக்கு. இவை ஒன்றிரண்டு நாள் பொறுக்கும். அதனாலேயே திரும்பும் லொறிகளை நிரப்ப இவைதான் வசதி.

2. லொறிப் பதிவேடு

‘டிமோ பட்டா (சிறிய லொறி) ஒன்று, கென்டர் (நடுத்தர லொறி) இரண்டு’ என்று எழுதி வைத்தால் அது பதிவேடு ஆகாது. ஒவ்வொரு லொறிக்கும் குறைந்தது இவை வேண்டும்:

- வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள மொத்த எடையும் வெற்று எடையும். இரண்டுக்குமான வித்தியாசம்தான் சட்டப்படி ஏற்றக்கூடிய அளவு. உரிமையாளர் வாயால் சொல்லும் அளவு பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.
- பெட்டியின் உள் நீளம், அகலம், உயரம். நாடா வைத்து நீங்களே அளந்தது.
- மூடிய பெட்டியா, தார்ப்பாயா? தார்ப்பாய் என்றால் ஓட்டை உண்டா?
- வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை ஆகியவை முடியும் திகதிகள்.
- கடைசியாக ஏற்றிய சரக்கு என்ன?
- டிரைவர், கிளீனர் இருவரின் தொலைபேசி எண்களும், அவர்களுக்குச் சரளமான மொழியும்.
- எந்த வகை வீதிவரை போகும் என்ற குறியீடு.

கடைசி மூன்றையும் பலர் விட்டுவிடுவார்கள். தேயிலை வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். நேற்று உரமோ கருவாடோ மண்ணெண்ணெயோ ஏற்றிய பெட்டியில் இன்று தேயிலைத் தூள் போனால் களஞ்சியத்தில் திருப்பி அனுப்பக்கூடும். லீக்ஸுடன் தேயிலையைக் கலந்து ஏற்றுவதும் அதே கதைதான். மொழியும் அப்படித்தான்: சிங்களம் மட்டும் தெரிந்த டிரைவருக்குத் தமிழில் மட்டும் தாள் கொடுத்தால் அவர் அதைப் படிக்காமல் பைக்குள் வைப்பார். தாள் இரு மொழியிலும் இருக்கட்டும்.

வீதிக் குறியீட்டுக்கு மூன்று எழுத்துப் போதும். ‘அ’ என்றால் பிரதான வீதி. ‘ஆ’ என்றால் தார் போட்ட தோட்ட வீதி, நடுத்தர லொறி திரும்ப இடமுண்டு. ‘இ’ என்றால் டிவிஷன் (தோட்டப் பிரிவு) பாதை, பட்டா லொறி மட்டும். ஒவ்வொரு ஏற்றுமிடத்துக்கும் இதே எழுத்தைக் கொடுங்கள். மழைக்காலத்தில் ஒரு படி இறங்கும் இடங்களுக்குப் பக்கத்தில் ‘ம’ போடுங்கள். ‘இ’ இடத்துக்கு நடுத்தர லொறியை அனுப்பினால் அது மதகடியில் திரும்ப முடியாமல் நிற்கும், அன்றைய ஓட்டம் முழுவதும் பிந்தும். அத்தகைய இடங்களிலிருந்து பட்டாவில் சந்திவரை கொண்டுவந்து பெரிய லொறிக்கு மாற்றுவதுதான் சரி. மாற்றும் கூலியை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிட வேண்டும்.

3. ஒரு லோடுக்கு ஒரே எண், ஒரே தாள்

முழு ஒழுங்கும் இதன் மேல்தான் நிற்கிறது. லொறி உறுதியான கணத்திலேயே எண் கொடுங்கள். எண்ணில் எழுத்து வேண்டாம், இலக்கம் மட்டும் போதும். இரு மொழிக்காரரும் தொலைபேசியில் பிழையில்லாமல் சொல்லலாம். மாதம், திகதி, அன்றைய வரிசை: ஜூன் 12ஆம் திகதி மூன்றாவது லோட் என்றால் 061203. அனுப்புபவரின் பில், டிரைவரின் தாள், சந்தைக் கடையின் துண்டு, வங்கிக்குப் போடும் பணத்தின் குறிப்பு எல்லாவற்றிலும் அந்த எண்ணே வர வேண்டும்.

ஒரு லோடில் மூன்று பேரின் சரக்கு இருந்தால் கடைசியில் ஒரு இலக்கம் சேருங்கள்: 0612031, 0612032, 0612033. அந்த இலக்கத்தைத் துணியில் எழுதி மூட்டை வாயில் கட்டுங்கள். தாள் ஈரமாகும், மையும் கரையும்.

தாளில் வர வேண்டியவை: அனுப்புபவர், ஏற்றுமிடம், பெறுபவர், பொருள், மூட்டை எண்ணிக்கை, ஏற்றுமிட எடை, எடை போட்ட நேரம், ஏற்றி முடிந்த நேரம், பேசிய கூலி, கொடுத்த முற்பணம், இறக்குமிடத்தில் வந்து சேர்ந்த நேரம், இறக்கி முடிந்த நேரம், இறக்கிய எடை, கையொப்பம். தேயிலைக்கு இவற்றோடு இன்வொயிஸ் எண் (தொழிற்சாலை ஒரு தொகுதித் தேயிலைக்குக் கொடுக்கும் எண்), தோட்டக் குறி, தரம், ஒவ்வொரு மூட்டையின் நிகர எடை, மொத்த எடை ஆகியவையும் வேண்டும். தேயிலை இன்வொயிஸ் எண்ணும் லோட் எண்ணும் வெவ்வேறு. ஒன்றை மற்றதன் இடத்தில் எழுதிவிட்டால் களஞ்சியத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று பிரதி எடுங்கள். கார்பன் தாள் வைத்த பில் புத்தகமே இதற்கு மிக நல்லது. கைப்பேசி செத்தாலும் அது சாகாது.

4. நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

காலையில் தொடங்கி முன்னோக்கித் திட்டமிட்டால் எப்போதும் பிந்தும். சந்தை வாசலில் நிற்க வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். கொழும்பின் மொத்த மரக்கறிச் சந்தையான மெனிங் சந்தை 2020இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறியது. அங்கே உங்கள் சரக்கை எடுக்கும் கொமிஷன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பிறகு வந்தால் விலை விழும்? அவர் சொல்லும் நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தியதே உங்கள் இலக்கு.

இலக்கு அதிகாலை 2 மணி என்று வைத்துக்கொள்வோம். கந்தப்பளையிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை வழியாக எடையோடு 7 மணித்தியாலம் பிடிக்கலாம். மூடுபனிக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் மாலை 6 மணிக்குக் கடைசி மூட்டை ஏறியிருக்க வேண்டும். ஏற்றுமிடம் மூன்று, ஒவ்வொன்றிலும் 45 நிமிடம், இடையே ஓடும் நேரம் 45 நிமிடம். ஆக, முதல் இடத்தில் பிற்பகல் 3 மணி. லொறி உறுதியாக வேண்டியது 1 மணிக்கு. பொருத்தும் வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். பதிவு மூடுவது 11:30.

11:30 என்றால் 11:30தான். ‘ஐந்து மூட்டைதானே அண்ணே’ என்று 2 மணிக்கு வரும் அழைப்புதான் எல்லா ஒழுங்கையும் உடைப்பது. பிந்தி வந்த சரக்குக்கு இடமிருந்தால் ஏற்றலாம், ஆனால் அதற்காக வழி மாறக் கூடாது. அவரே மூட்டையை லொறி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் முகம் பார்த்துச் செய்வதாக நினைப்பார்கள்.

முதல் நாள் மாலை உத்தேச அளவைக் கேட்பது நல்ல பழக்கம். உத்தேசத்துக்கும் மறுநாள் உறுதிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஆள்வாரியாகக் குறித்துவந்தால் யார் 30 மூட்டை என்று சொன்னால் 20 வரும் என்பது ஒரு மாதத்தில் பிடிபடும்.

டிரைவரின் ஓய்வும் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும். பேலியகொடையில் காலை 6 மணிக்கு இறக்கி, பகலில் மேலே ஏறி, அன்றிரவே மறுபடி இறங்குகிறவர் கினிகத்தேனை வளைவுகளில் கண் அயர்வார். கடைசி ஓட்டம் முடிந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். 8 மணித்தியாலத் தூக்கம் இல்லாதவருக்கு லோட் கொடுக்காதீர்கள். அவசரமென்றால் இரண்டாவது டிரைவரைப் போடுங்கள்.

5. பொருத்தும் கணக்கு: எடை மட்டும் போதாது

மலையக மரக்கறியில் பெரும்பாலும் எடைக்கு முன் இடம் நிரம்பிவிடும். கோவா இடத்தைப் பிடிக்கும், தராசில் ஏறாது. ஆகவே ஒவ்வொரு பொருளின் மூட்டையையும் ஒரு தடவை படுக்கவைத்து நீளம், அகலம், உயரம் அளந்து கனமீற்றரில் எழுதி வையுங்கள். கட்டும் விதம் ஊருக்கு ஊர் மாறும், அடுத்தவர் அளவை எடுக்காதீர்கள்.

ஒரு உதாரணம். பெட்டி 4.3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம். உயரம் 2 மீற்றர் இருந்தாலும் அடி மூட்டை நசுங்காமல் அடுக்க 1.5 மீற்றர் என்றே கணக்கிடுங்கள். 4.3 × 2 × 1.5 = 12.9 கனமீற்றர். ஏற்றக்கூடிய எடை 3,500 கிலோ.

வந்த பதிவுகள்: கரட் 28 மூட்டை, தலா 50 கிலோ, 0.1125 கனமீற்றர். கோவா 30 மூட்டை, தலா 30 கிலோ, 0.13 கனமீற்றர். லீக்ஸ் 35 கட்டு, தலா 20 கிலோ, 0.1 கனமீற்றர்.

எடை: 1,400 + 900 + 700 = 3,000 கிலோ. இன்னும் 500 கிலோ, அதாவது 10 கரட் மூட்டை ஏறும்போல் தெரியும். இடம்: 3.15 + 3.9 + 3.5 = 10.55. மூட்டைகளுக்கிடையிலான வெளிக்கு 15 வீதம் சேர்த்தால் 12.13. மிச்சம் 0.77 கனமீற்றர், 5 கரட் மூட்டைக்குத்தான் இடம். எடையை மட்டும் பார்த்து 10 மூட்டைக்கு வாக்குக் கொடுத்திருந்தால் 5 மூட்டை வீதியில் நிற்கும்.

கூலியைப் பங்கிடும்போதும் இதே கணக்கு வேண்டும். 3,500ஐ 12.9ஆல் வகுத்தால் கனமீற்றருக்கு ஏறக்குறைய 270 கிலோ. ஒவ்வொருவரின் இடத்தையும் 270ஆல் பெருக்குங்கள். அதுவும் நிஜ எடையும் எது கூடவோ அதுதான் கூலிக்கான எடை. கரட்டுக்கு 850 வருகிறது, நிஜ எடை 1,400 என்பதால் 1,400. கோவாவுக்கு 1,053. லீக்ஸுக்கு 945. கூட்டு 3,398 கிலோ.

கூலி 60,000 ரூபா என்று எடுத்துக்கொண்டால் (கணக்குக்காக மட்டும், இது சந்தை விலை அல்ல) கரட்காரர் 24,720, கோவாக்காரர் 18,593, லீக்ஸ்காரர் 16,686 ரூபா. ஒரு ரூபா பின்னத்தில் போகும். வெறும் எடைக்குப் பிரித்திருந்தால் கரட்காரர் 28,000 கொடுத்திருப்பார், லீக்ஸ்காரர் 14,000 மட்டுமே. அப்படிப் பிரித்தால் சில வாரத்தில் கரட்காரர்கள் தங்களுக்குத் தனி லொறி பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது இடம் பிடிக்கும் சரக்கு மட்டுமே, அதை வைத்து எந்த லொறியும் ஓடாது.

லொறியைத் தெரிவுசெய்ய ஒரு வரிசை: முதலில் வீதிக் குறியீடு பொருந்த வேண்டும், பிறகு கடைசிச் சரக்கு, பிறகு டிரைவர் ஓய்வு, பிறகு இடமும் எடையும், கடைசியில் விலை. தகுதியான முதல் லொறிக்காரருக்கு அழைத்து 15 நிமிடம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்தவர். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குச் சொல்லிவிட்டு முதலில் ஓமென்றவருக்குக் கொடுத்தால் மற்ற நான்கு பேரும் அடுத்த தடவை பதில் சொல்லமாட்டார்கள்.

6. எடையும் ஏற்றலும்

கழுவிய கரட்டின் தண்ணீர்தான் மலையகத்தின் பழைய சண்டை. கழுவி உடனே மூட்டை கட்டி நிறுத்தால் அந்தத் தண்ணீரும் எடையில் வரும். வழியெல்லாம் அது வடியும். பேலியகொடையில் குறையும்போது டிரைவர் மேல் பழி விழும். கழுவியதை வலைத்தட்டிலோ சரிந்த தளத்திலோ பரப்பி நன்றாக வடியவிட்டு, அதன் பிறகே நிறுங்கள். அப்படிச் செய்தாலும் கொஞ்சம் குறையும். 2 வீதம் வரை குறைந்தால் யாரையும் கேட்பதில்லை, அதற்கு மேல் போனால் விசாரிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சரக்குக்கு எந்த வீதம் பொருந்தும் என்பதைச் சில வார ஏற்று எடையையும் இறக்கு எடையையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

முத்திரை வைத்த தராசு மட்டும். எடை போடும்போது டிரைவரோ கிளீனரோ பக்கத்தில் நின்று எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மூட்டை எண்ணிக்கைக்கு அவர் பொறுப்பு. எடைக்கு, முடிச்சு அவிழ்ந்திருந்தால் மட்டும் பொறுப்பு.

ஏற்றும்போது பாரமானது அடியிலும் முன்பக்கத்திலும். கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு கீழே, கோவா நடுவில், லீக்ஸும் போஞ்சியும் மேலே. முதலில் இறக்க வேண்டியது கதவுப் பக்கம். இந்த இரண்டு விதியும் மோதினால் பாரம்தான் வெல்ல வேண்டும், இறக்கும் இடத்தில் அரை மணி வீணானாலும் பரவாயில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது சுமை முழுவதும் முன்னால் தள்ளும். முன்பலகைக்கும் மூட்டைக்கும் இடையில் வெளி விடாதீர்கள். தார்ப்பாயை நான்கு பக்கமும் இறுகக் கட்டினால் மழை வராது, சூடும் போகாது. மழை இல்லாத இரவில் பின்பக்கம் ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

தக்காளி, பழுத்த வாழைப்பழம் ஆகியவற்றிலிருந்து வரும் எதிலீன் வாயுவால் கரட்டில் கசப்பு ஏறும், கோவா இலை மஞ்சளாகும். மூடிய பெட்டியில் இவற்றைச் சேர்க்காதீர்கள்.

சாக்கா, பிளாஸ்டிக் கூடையா என்று கேட்டால், சேதத்துக்குக் கூடைதான் நல்லது. ஆனால் கூடை திரும்பி வர வேண்டும். யாரிடம் எத்தனை கூடை நிற்கிறது என்று எழுத ஆள் இல்லையென்றால் அந்த முதலீடு சில மாதத்தில் சந்தையில் கரைந்துவிடும். லோட் தாளிலேயே ‘போன கூடை, வந்த கூடை’ என்று இரண்டு கட்டம் போடுங்கள்.

7. வழி, மழை, சிக்னல்

நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இரண்டு பிரதான வழிகள்: ஹட்டன், கினிகத்தேனை வழியாக ஏ7 வீதி ஒன்று; ரம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக ஏ5இல் இறங்கிப் பேராதனையில் ஏ1ஐப் பிடிப்பது மற்றது. தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்குப் போகும் லோட் கண்டி வழியாகத்தான் போகும். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து லோடுக்கு பெரகலையில் ஏ4ஐப் பிடித்து பலாங்கொடை, இரத்தினபுரி வழி வசதி. ஒவ்வொரு ஏற்றுமிடத்துக்கும் முதல் வழி, மாற்று வழி, மாற்றுக்கு ஆகும் கூடுதல் கிலோமீற்றர், கூடுதல் கூலி ஆகிய நான்கையும் முன்பே எழுதி ஒத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் வீதி அடைபட்டு நிற்கும்போது விலை பேசுவது யாருக்கும் நல்லதல்ல.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் விடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் என்றால் லோட் போகும், ஒரு மணித்தியாலம் முன்னதாகக் கிளம்பும். செம்மஞ்சள் என்றால் அந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருட்டிய பிறகு ஓட்டம் இல்லை. சிவப்பு என்றால் ஓட்டமே இல்லை, சரக்கு எவருடையதாக இருந்தாலும். எச்சரிக்கையை மாலை 4 மணிக்கு ஒரு தடவையும் கிளம்புமுன் ஒரு தடவையும் பார்க்க ஒருவரை நியமியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எல்லா டிரைவர் கைப்பேசியிலும் இருக்கட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையக வீதிகளும் ரயில் பாதையும் ஒரே சமயத்தில் பல இடங்களில் அறுந்தன. அப்படியொரு நாளில் மாற்று வழி என்று ஒன்று இருக்காது. அன்றைக்கு வேண்டியது ‘அறுக்காதே’ என்று விவசாயிக்கு நேரத்தோடு போகும் செய்தி. மண்ணில் நிற்கும் கரட் சில நாள் தாங்கும், மூட்டையில் தாங்காது.

லொறி எங்கே என்று அறிய ஜீபீஎஸ் கருவி பொருத்தலாம். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி வலையமைப்பு அறுந்து அறுந்துதான் வரும், எனவே சிக்னல் இல்லாதபோது இடத்தைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். கருவி இல்லையென்றால் ஹட்டன், அவிசாவளை, சந்தை வாசல் என்று மூன்று இடத்திலிருந்து ஒரு மிஸ்ட் கோல். வந்த நேரமே பதிவு. ஓடும்போது அழைத்துத் தொல்லை கொடுக்கத் தேவையில்லை. எதிர்பார்த்த நேரத்துக்கு 45 நிமிடம் கடந்தும் கோல் வரவில்லையென்றால்தான் நீங்கள் அழைக்க வேண்டும்.

8. இறக்குமிடம்

பேசிய கூலிக்குள் என்னென்ன அடங்கும் என்று தெளிவாக எழுதாவிட்டால் சந்தை வாசலில் எல்லாம் தனித்தனியாக முளைக்கும். நாட்டாமை (மூட்டை சுமப்பவர்) கூலி, வாசல் கட்டணம், தரிப்பிடம் ஆகியவை யார் கணக்கு என்பதை லோட் தாளின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். நாட்டாமை கூலி அனுப்புபவர் கணக்கில் இருப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். டிரைவர் கொடுத்துவிட்டுத் துண்டு கொண்டுவர வேண்டும்.

வந்து சேர்ந்த நேரமும் இறக்கி முடிந்த நேரமும் கட்டாயம். முதல் 2 மணித்தியாலம் இலவசம், பிறகு ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் இவ்வளவு என்று தாமதக் கட்டணம் வையுங்கள். அதே விதி ஏற்றுமிடத்துக்கும் உண்டு. விவசாயி மூட்டை கட்டாமல் லொறியைக் காக்கவைத்தால் அவரும் கொடுக்க வேண்டும், லொறி ஒரு மணித்தியாலம் பிந்தினால் கூலியில் கழிய வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் அபராதம் வைக்கும் ஒழுங்கு நிலைக்காது.

இறக்கியதும் டிரைவர் மூன்று போட்டோ அனுப்பட்டும்: கையொப்பமிட்ட தாள், தராசின் இலக்கம், இறக்கிய மூட்டைகள். சேதம் இருந்தால் பெறுபவர் அந்த இடத்திலேயே தாளில் எழுத வேண்டும். மறுநாள் தொலைபேசியில் சொல்லும் சேதத்தை ஏற்காதீர்கள்.

லொறியின் மோட்டார் காப்புறுதி உள்ளே இருக்கும் சரக்கை மூடும் என்று பலர் நம்புகிறார்கள். பொதுவாக மூடாது. சரக்குக்கு வழிப்பயணக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். தேயிலைக்கு அது இல்லாமல் அனுப்பாதீர்கள். மரக்கறிக்கு எடுக்குமுன் அழுகல், தாமதம் இரண்டும் அடங்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அவை விலக்கப்பட்டிருக்கும்.

9. பணம்

கிளம்புமுன் டீசலுக்குப் போதுமான முற்பணம், போட்டோ வந்த 48 மணித்தியாலத்துக்குள் மிச்சம். இதைக் காப்பாற்றினால் லொறிக்காரர்கள் உங்களை விட்டுப் போகமாட்டார்கள், வெளியில் 500 ரூபா கூடக் கிடைத்தாலும். கொமிஷன் கடை பணம் தர ஒரு வாரம் எடுக்கும், ஆனால் லொறிக்காரருக்கு இரண்டு நாளில் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு ஒரு சுழல் நிதி வேண்டும். ஒரு வாரக் கூலி முழுவதும் கையில் இருந்தால் போதும். அது இல்லாமல் தொடங்கிய சங்கங்கள் மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விழும்.

சரக்கையும் லொறியையும் பொருத்தும் ஒருங்கிணைப்பாளரின் கட்டணத்தைக் கூலிக்குள் மறைக்காதீர்கள். லோடுக்கு இவ்வளவு என்று தாளில் தனி வரியாகப் போடுங்கள். டீசல் விலை மாறினால் கூலி எப்படி மாறும் என்பதற்கும் ஒரு சூத்திரம் வேண்டும்: அந்த வழிக்கு ஆகும் லீற்றர் × விலை வித்தியாசம். லீற்றர் அளவை ஒரு தடவை நிரப்பி ஓடிப் பார்த்து இரு பக்கமும் ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் கூட்டம் கூட்டத் தேவையில்லை.

10. திரும்பும் லோட்

காலியாக ஏறும் லொறி ஏறக்குறைய அதே டயரையும் நேரத்தையும் தின்கிறது. கொழும்பில் உரம், மா, அரிசி வாங்கும் நகரக் கடைக்காரர்களையும் தோட்ட நிர்வாகங்களையும் இரண்டாவது அனுப்புபவர் பட்டியலாகச் சேருங்கள். பேலியகொடையில் இறக்கியதிலிருந்து 3 மணித்தியாலத்துக்குள், 15 கிலோமீற்றருக்குள் ஏற்றக்கூடிய லோட் மட்டும் எடுங்கள். அதற்கு மேல் காத்தால், ஓய்வெடுத்த இரண்டாவது டிரைவர் எடுக்க வேண்டிய அன்றைய மாலை 3 மணி ஏற்றம் தவறும். திரும்பும் கூலிக்காக இறங்கும் லோடைக் கெடுப்பது நட்டக் கணக்கு.

உரம் ஏற்றிய லொறி அடுத்து மரக்கறி ஏற்றுமுன் பெட்டியைக் கூட்டிக் கழுவி உலர்த்த வேண்டும். கழுவியதற்கு ஒரு போட்டோ. தேயிலைக்கு அந்த லொறி வேண்டவே வேண்டாம்.

11. எதில் எழுதுவது

கணினியில் எழுதும் கட்டத்தில் பகிரப்பட்ட ஒரு கூகுள் ஷீட் போதும். அதில் நான்கு பக்கம்: அனுப்புபவர், லொறி, லோட், பணம். லோட் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிலை: பதிவு, பொருத்தம், உறுதி, ஏற்றியது, வழியில், இறக்கியது, கொடுத்தது. நிலையை மாற்றும் உரிமை ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும், பார்க்கும் உரிமை எல்லோருக்கும். அனுப்புபவர் பதிவு செய்யக் கூகுள் படிவம் வையுங்கள். தட்டச்சு செய்யத் தெரியாதவர் குரல் பதிவு அனுப்பட்டும், ஒருவர் அதைக் கேட்டு ஏற்றட்டும். வட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும், நிர்வாகி மட்டும் எழுதும்படி மாற்றுங்கள். குழுவுக்குள் பதிவு எடுத்தால் ஒன்று தவறும், இன்னொன்று இரண்டு தடவை ஏறும்.

நாளுக்கு 20 லோடைத் தாண்டும்போது போக்குவரத்து மேலாண்மை மென்பொருள் பற்றி யோசிக்கலாம். விற்பவரிடம் கேட்க வேண்டியவை: தமிழிலும் சிங்களத்திலும் டிரைவர் திரை உண்டா? சிக்னல் இல்லாமல் பதிவு செய்து பிறகு அனுப்புமா? ஒரு லோடில் பல அனுப்புபவர்களுக்கு இட அடிப்படையில் கூலி பிரிக்குமா? தேயிலைத் தரகரின் அல்லது தொழிற்சாலையின் கணக்கு முறைக்குத் தானாகத் தரவு அனுப்புமா? நாளை நிறுத்தினால் என் தரவு முழுவதையும் எக்செல் கோப்பாகத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குச் சுற்றிவளைத்துப் பதில் வந்தால் அங்கேயே எழுந்து வாருங்கள்.

12. தொடங்கும் வரிசை

ஒரே ஒரு வழியில் தொடங்குங்கள், உதாரணத்துக்குக் கந்தப்பளை–பேலியகொடை. முதல் இரண்டு வாரம் தாள் மட்டும், ஷீட் இல்லை. தாளில் எந்தக் கட்டம் எப்போதும் வெறுமையாக வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ‘இறக்கி முடிந்த நேரம்’ ஆகத்தான் இருக்கும். அதை நிரப்பாத தாளுக்கு மிச்சக் கூலி போகாது என்ற விதியை வையுங்கள். மூன்றாம் வாரம் ஷீட், ஐந்தாம் வாரம் திரும்பும் லோட், அதற்குப் பிறகு தேயிலை. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் தொடங்க வேண்டாம். நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டத்தால் வீதி நெரியும், டிரைவர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். தீபாவளி, தைப்பொங்கல் வாரங்களில் லொறி எண்ணிக்கையைப் பாதியாக வைத்தே கணக்கிடுங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து எண்களைப் பாருங்கள்: நேரத்துக்கு வாசலில் நின்ற லோட் எத்தனை வீதம், பெட்டியில் நிரம்பிய இடம் எத்தனை வீதம், 2 வீதத்துக்கு மேல் எடை குறைந்த லோட் எத்தனை, காலியாக ஏறிய லொறி எத்தனை, 48 மணித்தியாலத்தைத் தாண்டிய கொடுப்பனவு எத்தனை. கடைசி எண் பூச்சியமாக இல்லாத வாரத்தில் புதிய அனுப்புபவரைச் சேர்க்காதீர்கள்.